எட்டாங்கட்டைக் குடும்பம்: புதன்கிழமை காலை

*சாந்தி, 6:52*
அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். தலையில் அடி இல்லை. எழுந்தால் தலை சுற்றுகிறதாம்.

*ராஜன் (ஜொகூர்), 6:53*
என்ன ஆச்சு அக்கா? இடுப்பு எலும்பு?

*சுமதி, 6:55*
ஐயோ அத்தை! முருகா

*குமார், 6:58*
பிரஷர் பார்த்தேன். 94க்கு 52. ரொம்பக் குறைவு.

*முனியாண்டி, 6:59*
ராத்திரி சாப்பிடாமல் படுத்திருப்பார். மைலோ கலக்கிக் கொடு.

*தேவி, 7:01*
அத்தை, இன்றைய மாத்திரை போட்டுவிட்டாரா? இல்லையென்றால் கொடுக்க வேண்டாம். பாட்டியிடம் இருக்கும் எல்லா மருந்தையும் மேசையில் கொட்டிப் படம் அனுப்புங்கள்.

*சாந்தி, 7:06*
இன்னும் போடவில்லை. ரொட்டி டின்னில் இருந்தது இவ்வளவுதான். [படம்]

*தேவி, 7:07*
நோர்வாஸ்க் யார் வாங்கியது?

*ராஜன், 7:08*
நான்தான். போன வாரம் வந்தபோது கொடுத்தேன். கிளினிக்கில் மாத்திரை ஒவ்வொரு தடவையும் ஒரு கலரில் வருகிறது, மட்டமான மருந்து போல என்று அம்மா சொன்னார். ஒரிஜினலே போடட்டும் என்று வாங்கினேன்.

*முனியாண்டி, 7:09*
ஜொகூரிலிருந்து வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாய். பக்கத்தில் இருந்து பார்ப்பது யார்?

*ராஜன், 7:09*
அண்ணே, இப்போது வேண்டாம்.

*தேவி, 7:13*
சித்தப்பா, நோர்வாஸ்க் என்பது பெட்டிப் பெயர். உள்ளே இருப்பது அம்லோடிபின், பிரஷரைக் குறைக்கும் மருந்து. கிளினிக் பாக்கெட்டில் ‘டாரா திங்கி’ (உயர் இரத்த அழுத்தம்) என்று எழுதியிருப்பதும் அதே அம்லோடிபின் 10 மில்லிகிராம்தான். பாட்டி இரண்டு வியாதிக்கு இரண்டு மருந்து என்று நினைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 10தான் உச்சம், அவருக்கு 20 போயிருக்கிறது. இது உடம்பில் பாதி குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். மைலோ குடித்தால் சரியாகாது.
மட்டமான மருந்தும் இல்லை. தயாரிக்கும் கம்பெனி மாறும்போது கலரும் வடிவமும் மாறும். இங்கே மலேசியாவில் ஜெனரிக் மாத்திரையை, அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி செய்வதை, பதிவு செய்ய, இரத்தத்தில் அது எவ்வளவு ஏறுகிறது என்று மூல மருந்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதற்கு 80 முதல் 125 விழுக்காடு என்று ஒரு வரம்பு உண்டு. 20 விழுக்காடு மருந்தைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இனிமேல் யார் எந்தப் பெட்டி வாங்கினாலும், பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள்.

*சுமதி, 7:14*
சரி தேவி. சாந்தி அண்ணி, இந்த நேரத்தில் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், குமார் பரிசத்துக்குத் தட்டு ஒன்பதா பதினொன்றா? பூக்கடையில் இன்றைக்குள் சொல்லச் சொல்கிறார்கள்.

*சாந்தி, 7:15*
அப்புறம்.

*தேவி, 7:16*
படத்தில் லேபிள் கிழிந்த பாட்டில் ஒன்று இருக்கிறதே?

*குமார், 7:17*
மூட்டு வலிக்குப் போடுவது. ஞாயிறோடு தீர்ந்துவிட்டது.

*தேவி, 7:17*
எத்தனை நாளாக?

*சாந்தி, 7:19*
மூன்று மாதம் இருக்கும். நல்ல மருந்து தேவி. முப்பது வருடம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிய கால், பிடிக்காமல் படி ஏறினார். முகம்கூட உருண்டையாகிவிட்டது. சதை போடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

*தேவி, 7:20*
யார் வாங்கியது?

*முனியாண்டி, 7:24*
நான். பசார் மாலாம் இரவுச் சந்தையில். மூலிகை என்றுதான் சொன்னான்.

*தேவி, 7:28*
அப்பா, எனக்கு இதுதான் அதிகப் பயம். பதிவான பாரம்பரிய மருந்தில் எம்ஏஎல் (MAL) என்ற எழுத்துகள், எட்டு எண், கடைசியில் டி (T), கூடவே மின்னும் ஸ்டிக்கர் இருக்கும். படத்தில் எதுவும் தெரியவில்லை. மூட்டு வலிக்கு விற்கும் இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை பிடித்திருக்கிறது. இதிலும் இருந்தால், மூன்று மாதத்தில் உடம்பு தானே சுரக்கும் ஸ்டெராய்டைக் குறைத்திருக்கும். திடீரென்று நின்றால் பிரஷர் விழும், ஆளே சோர்ந்துவிடுவார். இதே பாட்டிலை மறுபடி வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். இப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள். காலிப் பாட்டில், ரொட்டி டின் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ‘மூன்று மாதம் போட்டார், ஞாயிறு நிறுத்தினார்’ என்று டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

*குமார், 7:29*
கார் எடுக்கிறேன். பாட்டி வரமாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமை கோயில் முடிந்து பார்க்கலாமாம்.

*ராஜன், 7:30*
போனை அம்மாவிடம் கொடு.

*முனியாண்டி, 7:31*
நான் வந்து தூக்கி உட்கார வைக்கிறேன். ஐந்து நிமிடம்.

*முனியாண்டி, 7:33*
தேவி, நான் தெரிந்து செய்யவில்லை அம்மா.

*தேவி, 7:33*
தெரியும் அப்பா. மெதுவாக ஓட்டுங்கள்.

*சாந்தி, 8:20*
சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி. மஞ்சள் பகுதியில் படுக்க வைத்திருக்கிறார்கள். டிரிப்ஸ் ஏறுகிறது. பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

*ராஜன், 8:21*
இன்று இரவு கிளம்பி வரவா?

*சாந்தி, 8:24*
டாக்டர் சொல்லட்டும். தம்பி, அந்த நோர்வாஸ்க் பெட்டியை என்ன செய்வது?

*சுமதி, 8:25*
அண்ணி, பதினொன்று என்று சொல்லிவிடவா?