1099-எஸ்ஏ-வில் 420 டாலர் கூடுதல், டபிள்யூ-2-வில் 1,000 டாலர் குறைவு: எப்படி ஃபைல் பண்ணுவது?

கேள்வி:
என் எச்எஸ்ஏ-விலிருந்து (மருத்துவச் செலவுக்கான அமெரிக்க வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) எடுத்த பணத்தைக் காட்டும் 2025-க்கான 1099-எஸ்ஏ படிவம் வந்துவிட்டது. பெட்டி 1-இல் 1,840 டாலர். அதில் 420, ஆஸ்பத்திரி ஒரே பில்லுக்கு எச்எஸ்ஏ கார்டில் இரண்டாவது தடவை எடுத்தது. செப்டம்பரில் செக்காகத் திருப்பித் தந்தார்கள். அதை எச்எஸ்ஏ-விலேயே போட்டேன், 2025 பங்களிப்பு என்று ஏறியிருக்கிறது. கம்பெனி தரும் வருடாந்தரச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-இன் பெட்டி 12-இல், எச்எஸ்ஏ பங்களிப்பைக் காட்டும் டபிள்யூ குறியீட்டுக்கு எதிரே 3,300 மட்டும்தான். அது என் சம்பளத்தில் பிடித்தது. கம்பெனி போட்ட 1,000-ஐக் காணோம். வயது 38, வருஷம் முழுக்க தனிநபர் இன்சூரன்ஸ் பிளான். இப்படியே ஃபைல் பண்ணலாமா?

பதில் 1:
வேண்டாம். கூட்டிப் பாருங்கள்: 3,300 + 1,000 = 4,300. 2025-இல் தனிநபர் உச்சவரம்பே அவ்வளவுதான். அதற்கு மேல் ஏறிய 420-க்குப் படிவம் 5329-இல் 6%, அதாவது 25.20 டாலர் அபராத வரி. சரிசெய்யும் வரை வருஷாவருஷம் வரும்.

கஸ்டோடியனிடம் (எச்எஸ்ஏ-வை நடத்தும் நிறுவனம்) 'மிஸ்டேக்கன் டிஸ்ட்ரிபியூஷன்' (தவறாக எடுத்த பணம்) படிவம் கேளுங்கள். புதிதாகப் பணம் அனுப்ப வேண்டாம். செப்டம்பரில் போட்ட 420-ஐப் பங்களிப்பிலிருந்து தவறுதல் திருப்பமாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டு தடவை எடுத்ததைக் காட்டும் ஸ்டேட்மென்ட், ஆஸ்பத்திரி ரீஃபண்ட் ரசீது இரண்டையும் இணையுங்கள். தவறு தெரிந்தது 2025-இல், ஆகவே கெடு 2026 ஏப்ரல் 15. படிவம் 4868 போட்டு ரிட்டர்னுக்கு அக்டோபர் வரை நேரம் வாங்கினாலும் இந்தக் கெடு நகராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மாற்றினால், 'திருத்தப்பட்டது' கட்டத்தில் டிக் போட்ட புது 1099-எஸ்ஏ வரும், பெட்டி 1-இல் 1,420. எச்எஸ்ஏ-வுக்காக ரிட்டர்னோடு போடும் படிவம் 8889-இல் லைன் 14ஏ-யிலும் (எடுத்த பணம்) 15-இலும் (மருத்துவச் செலவு) 1,420. லைன் 16 (வரிக்கு உட்படும் தொகை) பூஜ்யம்.

பதில் 2:
ஒரு சிக்கல்: கஸ்டோடியன் இதை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மறுத்தால் இரண்டு வேலை. ஒன்று, அந்த 420-ஐ அதன் வருமானத்தோடு அதிகப் பங்களிப்பாக வெளியே எடுங்கள். ரிட்டர்ன் கெடுவுக்குள் எடுத்தால் 6% இல்லை. அதற்கு வரும் 1099-எஸ்ஏ-வில் பெட்டி 3-இல் குறியீடு 2 இருக்க வேண்டும், 1 இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். இரண்டு, 1,840-இல் மீதி 420-க்கு மருத்துவச் செலவு காட்ட வேண்டும். எச்எஸ்ஏ திறந்த பிறகு கைக்காசில் கட்டி வேறெங்கும் கோராத பல் டாக்டர் பில், கண்ணாடி பில் இருந்தால் போதும், பழைய வருஷத்து பில் ஆனாலும் சரி. அதுவும் இல்லையென்றால் 420 வருமானத்தில் சேரும், மேலே 20%, அதாவது 84 டாலர்.

பதில் 3:
டபிள்யூ-2 பக்கம். கம்பெனி போட்டது, சம்பளத்தில் வரிக்கு முன் பிடித்தது இரண்டும் சேர்ந்துதான் டபிள்யூ குறியீட்டில் வரும். டிசம்பர் கடைசி பேஸ்லிப்பை எடுங்கள். வருஷ மொத்தச் சம்பளத்தில் 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு), இன்சூரன்ஸ் பிரீமியம், எச்எஸ்ஏ 3,300 என வரிக்கு முன் பிடித்தவற்றைக் கழியுங்கள். விடை டபிள்யூ-2-இன் பெட்டி 1-ஓடு (வரிக்குரிய சம்பளம்) ஒத்துப்போனால் குறியீட்டில் மட்டும்தான் பிழை. பெட்டி 1 சரியாக 1,000 கூட இருந்தால் கம்பெனி பணத்தையும் சம்பளமாக்கி உங்களுக்கு வரி போட்டிருக்கிறார்கள். எதுவானாலும் பேரோலிடம் டபிள்யூ-2சி (திருத்தப்பட்ட டபிள்யூ-2) கேளுங்கள்.

படிவம் 8889-இன் லைன் 2-இல் சம்பளத்தில் பிடித்ததைத் தயவுசெய்து போடாதீர்கள். மென்பொருள் "நீங்கள் எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்கும், 3,300 என்று அடித்தால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை கழிவு. உங்களுக்கு அங்கே பூஜ்யம், லைன் 9-இல் (கம்பெனி வழியாக வந்தது) 4,300.

கலிபோர்னியா, நியூ ஜெர்சி ஆட்கள் கவனம்: மாநில வரியில் எச்எஸ்ஏ சலுகை கிடையாது, அந்த 4,300-உம் அங்கே வருமானம்தான்.

கேள்வி கேட்டவர்:
கழித்துப் பார்த்தேன், பெட்டி 1 சரியாக இருக்கிறது. எச்எஸ்ஏ-வில் போட்ட பணத்தைக் காட்டும் 5498-எஸ்ஏ இன்னும் வரவில்லை, காத்திருக்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். அது மே மாதம்தான் வரும், ரிட்டர்னோடு இணைப்பதும் இல்லை. வந்ததும் பெட்டி 2-இல் 420 ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அதையும் திருத்தச் சொல்ல வேண்டும்.