மறு: பேனியருக்கு என்ன சொல்? என் வாக்கு பொதிப்பைக்கு

வணக்கம்.

இரண்டு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறவர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதும் தம்பி "பேனியர்" என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறார். வண்டியின் கேரியரில் இரு பக்கமும் கொக்கி போட்டு மாட்டும் பை, அவ்வளவுதான் பொருள். இதுவரை வந்தவை பக்கப்பை, சேணப்பை, தொங்குபை, காவடிப்பை, பொதிப்பை. ஒருவர் பன்னியர் என்றே எழுதிவிடலாம் என்றார். வேண்டாம் ஐயா. "இரவு பன்னியரைக் கழற்றிக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளவும்" என்று அச்சில் வந்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?

> பக்கப்பை எளிமையாக இருக்கிறதே, ஏன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்?

எளிமைதான், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. கால்சட்டையில் பக்கப்பை உண்டு. முதுகுப்பையின் ஓரத்தில் தண்ணீர் பாட்டில் செருகும் வலையும் பக்கப்பை. சில பேனியர்களின் வெளிப்புறத்திலேயே சின்னதாக ஒரு பை தைத்திருப்பார்கள். அப்புறம் பஞ்சர் பசை எங்கே என்று கேட்டால் "பக்கப்பையின் பக்கப்பையில்" என்று சொல்ல வேண்டிவரும்.

சேணப்பையை வேறு வேலைக்கு எடுத்துவைப்போம். சீட்டுக்கு அடியில் ஒரு ட்யூபும் டயர் லீவரும் கொள்ளும் அளவில் கட்டுகிறோமே, அதற்கு அது பொருந்தும். தொங்குபை என்றால் எனக்கு ஜோல்னாப் பைதான் கண்ணில் வருகிறது. தவிர, நல்ல பேனியர் தொங்கி ஆடவே கூடாது. மேலே இரண்டு கொக்கி, கீழே ஒரு பிடி என்று கேரியரோடு இறுகி நிற்க வேண்டும். ஆடினால் பள்ளத்தில் இறங்கும்போது கொக்கி கழன்று பை சக்கரத்துக்குள் போகும்.

காவடிப்பைதான் என்னை நிறைய யோசிக்கவைத்தது. சொன்னவருக்கு வண்டியில் பாரம் ஏற்றிய அனுபவம் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பைகளின் சூட்சுமமே சமன்தான். பின் இணை வழக்கமாக 40 லிட்டர் கொள்ளும், முன் இணை 25 லிட்டர் அளவு. புதிதாகப் போகிறவர் எல்லாவற்றையும் பின்னால் திணிப்பார். சமவெளியில் ஒன்றும் தெரியாது. லே போகும் வழியில் சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டி காட்டா வளைவுகள் வரும், 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே மூச்சும் வேகமும் குறைந்து நடை வேகத்தில் மிதிக்கும்போது பின்பாரம் இழுக்க, முன்சக்கரம் லேசாகி இடமும் வலமும் அலையும். அதனால் அடுப்பு, கருவிகள், அரிசி, பருப்பு என்று சின்னதாகவும் கனமாகவும் இருப்பவை முன்பைகளில், சக்கரத்தின் அச்சு உயரத்துக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக், கம்பளி உடுப்பு போல இடத்தை அடைத்தாலும் கனக்காதவை பின்னால். இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே எடை. வீட்டில் மீன் தராசு மாதிரித் தொங்கவிடும் சின்னத் தராசு இருந்தால் ஒவ்வொரு பையையும் தூக்கிப் பார்த்துவிடலாம்.

ஆக, காவடி என்ற உவமை சரி. ஆனால் காவடி என்பது இரண்டும் சேர்ந்தது. ஒற்றைப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் போகிறவர் எதைத் தூக்கிப் போகிறார், அரைக்காவடியா? அதோடு இன்று காவடி என்றதும் பழனிப் பாதைதான் நினைவுக்கு வரும், அதை மாற்ற நம்மால் ஆகாது.

பொதிப்பைக்கு வருகிறேன். மூலச்சொல்லைத் தோண்டினால் லத்தீனில் ரொட்டிக் கூடை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், விலங்கின் முதுகில் இரு புறமும் தொங்கும் கூடை ஆயிற்று, கடைசியில் சைக்கிளுக்கு வந்தது. நம்மிடம் அந்த நடுக்கட்டம் கையில் தயாராக இருக்கிறது. பொதிமாடு, பொதிக்கழுதை, பருத்திப் பொதி. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு ஏற்றிப் போகும் கழுதைச் சாத்து, அதாவது வணிகர் கூட்டம், வருகிறது. அடிமரத்தில் காய்த்த பலாப்பழம் போல முதுகின் இருபுறமும் மூட்டை. அந்தச் சுமைக்குப் புலவர் சொல்லும் பெயர் புணர்ப்பொறை, இரு பக்கமும் ஒத்துக் கட்டிய பாரம் என்று பொருள் கொள்கிறார்கள். அந்தக் கழுதைகளின் முதுகில் சுமை அழுத்திய வடுவையும் அவர் விடவில்லை. கேரியரின் பெயின்ட் உரிந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். புணர்ப்பொறையையே கலைச்சொல்லாக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! அந்த முதற்பாதியை இன்று பயணக் கையேட்டில் போட முடியாது. பழஞ்சொல் எல்லாம் இப்படித்தான். டூரிங்குக்குச் "செலவு" என்று போன வாரம் ஒருவர் எழுதினார். பயணம் என்ற பொருள் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "இந்தக் கோடையில் எனக்கு நெடுஞ்செலவு" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

> கழுதை சுமப்பதை மனிதர் ஓட்டும் வண்டிக்குச் சொல்வதா?

மூலச்சொல்லும் கழுதைமேல் ஏறி வந்ததுதானே. தவிர, லே பாதையில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே மிதித்து ஏறுகிறவரைக் கழுதை என்றால் அவரே ஒத்துக்கொள்வார்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதுதான் உண்மையான தடை. அங்கே பொதி என்றால் பார்சல், பயணப்பொதி என்றால் பயணத்தில் கொண்டுபோகும் மூட்டை முடிச்சு எல்லாம். பொதிப்பை என்றால் பார்சல் போடும் பை என்று கேட்காதா என்கிறார். தனியாகச் சொன்னால் கேட்கலாம். ஆனால் துவிச்சக்கர வண்டியைப் பற்றிய புத்தகத்தில், கேரியர் படத்துக்குப் பக்கத்தில் இருந்தால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். பயணச் சுமை என்ற பொருள் அங்கே உயிரோடு இருப்பது நமக்குப் பலம்தான்.

சொல்லை வாக்கியத்தில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். தம்பியின் வரைவிலிருந்து எடுத்து மாற்றியவை:

"பின் பொதிப்பையைக் கேரியரில் முடிந்தவரை பின்தள்ளி மாட்டவும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இடிக்கும்."

"பொதிப்பையின் வாயை மூன்று முறையாவது சுருட்டிப் பூட்டவும். இரண்டு சுருட்டில் மழை உள்ளே வரும்."

"பின்சக்கரத்தில் செயின் ஓடும் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிதான் பெரும்பாலும் முறியும். மாற்றுக் கம்பியோடு கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) கழற்றும் கருவியும் முன் பொதிப்பையில் இருக்கட்டும். வழியில் கேலாங் ஊரைத் தாண்டினால் சைக்கிள் கடையை எதிர்பார்க்க வேண்டாம்."

எங்கும் இடறவில்லை. அதோடு வினையும் சேர்ந்தே வருகிறது: பொதி கட்டு, பொதி ஏற்று, பொதி இறக்கு. "பேக்கிங்" அத்தியாயத்துக்குத் தலைப்புத் தேடி இன்னொரு இழை தொடங்க வேண்டாம், "பொதி கட்டுதல்" போதும். கேரியரைத் தாங்கி என்று மாற்றச் சொன்னவரோடு மட்டும் நான் உடன்படவில்லை. பால்காரரும் பள்ளிப் பிள்ளையும் சொல்லும் சொல், இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. தண்ணீர் புகாத பொதிப்பைகளுக்குப் பெயர்பெற்ற ஓர்ட்லீப் ஜெர்மனியில் 1982-ல் தொடங்கியது. அதன் நிறுவனர் மழையில் சைக்கிள் ஓட்டியபோது லாரியின் தார்ப்பாயைப் பார்த்துத்தான் அந்தத் துணியில் பை தைக்க நினைத்தார். விலையைப் பார்த்துவிட்டு நானும் அதையே செய்தேன், சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் போனேன். பக்கப்பை என்றேன், அவர் ஸ்கூல் பையை எடுத்துக் காட்டினார். படம் வரைந்தேன், தலையைச் சொறிந்தார். கடைசியில் "பொதி மாதிரிங்க அண்ணா" என்றதும் சாக்பீஸை எடுத்தார்.

"கழுதைக்கு ரெண்டு பக்கமும் வருமே, அதுங்களா? அப்ப ரெண்டும் ஒரே அளவா வெட்டோணும்."

பை இன்னும் உழைக்கிறது, கொக்கியை மட்டும் இரண்டு முறை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் தம்பி பொதிப்பை என்றே போட்டுவிடட்டும். ஹேண்டில்பாரில் மாட்டும் பைக்கு யாராவது தனி இழை தொடங்குங்கள்.