தேயிலைச் சக்கைச் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (ஹட்டன்): பழைய பருத்தி வேட்டியில் தேயிலைச் சாயம் சீராகப் பிடிக்கவில்லை. மலைச்சரிவில் வளைந்து போகும் தேயிலை நிரைகளைப் போல அதில் கோடுகளும் வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில் 1: கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். சலவைச் சோடா போட்டு அவித்து அலசுங்கள். ஈரத்தோடே சாயத்தில் போடுங்கள். 100 கிராம் துணிக்குக் காய்ந்த சக்கை 200 கிராம், தண்ணீர் 3 லீட்டர். அரைமணி கொதித்ததும் வடிகட்டி, துணியை முக்கி, சிறு தீயில் ஒரு மணிநேரம் கிளறிக்கொண்டே இருங்கள். விடியும்வரை அதிலேயே ஆறட்டும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச்சட்டி நிறத்தைக் கறுக்க வைக்கும். பொலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம்.

பதில் 2: அந்தக் கறுப்பேதான் கோட்டுக்கு மை! துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். வாயு வரும், மூடியை இறுக்காதீர்கள். வடித்து, மாக்கஞ்சியில் குழைத்தால் கசியாது. சாயமேறிக் காய்ந்த துணியில் தூரிகையால் இழுத்தால், கண்ணெதிரே பழுப்பு சாம்பலாகிக் கறுக்கும்.

பதில் 3: அந்த ஆணி மையைத் தடிப்பாகப் பூசாதீர்கள். இரும்பும் புளிப்பும் நூலை இற்றுப்போகச் செய்யும். கோடு காய்ந்ததும் லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கலந்த நீரில் அலசுங்கள். பனிமூட்ட நாளில் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.