ஜப்பானீஸ் கத்துக்கிட்டா எக்ஸ்போர்ட் லைன்ல மேல வர முடியுங்களா?

பனியன்சிட்டி_பையன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பி.காம் முடிச்சுட்டு ஒன்றரை வருசமா திருப்பூர்ல ஒரு நிட்வேர் கம்பெனில டாக்குமெண்டேஷன்ல இருக்கேன். இன்வாய்ஸ் போடறது, பேக்கிங் லிஸ்ட் அடிக்கறது, கஸ்டம்ஸ் வேலை பாக்கற ஏஜெண்ட் சிஎச்ஏ-க்கு போன் போட்டு ஷிப்பிங் பில் ஆச்சுங்களான்னு கேக்கறது, இதேதான் பொழப்பு. சம்பளத்த மட்டும் கேட்றாதீங்க.

இதுவரைக்கும் எங்களுக்கு ஐரோப்பா பையருங்கதான். போன வருசத்துல இருந்து ஒரு ஜப்பான் பையர் சின்னச் சின்ன ஆர்டரா குடுக்கறாங்க. அவங்க ஃபேக்டரி பாக்க வந்தப்ப சென்னைல இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் அக்கா கூட வந்திருந்தாங்க, மீட்டிங் பூராவும் எங்க முதலாளி மூஞ்சிய விட்டுட்டு எல்லாரும் அந்த அக்கா மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தாங்க, அன்னைக்கு புடிச்ச யோசனை இன்னும் விடமாட்டேங்குது. வீட்ல எம்பிஏ இன்டர்நேஷனல் பிசினஸ் கரஸ்ல பண்ணுங்கறாங்க. நான் ஜப்பானீஸ் படிக்கலாம்னு இருக்கேன். ஆனா தமிழ் மீடியம், இங்கிலீஷே மெயில்ல ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன். எனக்கு வருமா, வந்தாலும் அதுல சோறு கிடைக்குமா, இல்ல ஜெர்மன் ஸ்பானிஷ்னு போறதா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_வந்தேன்:

ப்ரோ போன்லயே ட்ரான்ஸ்லேட்டர் இருக்கு, மைக்க அமுக்கிப் பேசுனா அவன் பாஷைல வந்துரும். இதுக்குப் போயி 3 வருசம் படிக்கணுமா. எம்பிஏ பண்ணுங்க.

ஊசிநூல்:

தம்பி, நான் 14 வருசமா மெர்ச்சண்டைசர், பையர்கிட்ட பேசி ஆர்டர முடிச்சுக் குடுக்கற வேலை, அதுல 9 வருசம் ஜப்பான் பையருங்க மட்டும். மேல ஒருத்தர் ட்ரான்ஸ்லேட்டர் போதும்னு சொல்லிருக்காரு, அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

நான் இதுல புதுசா இருந்தப்ப ஒரு ஆர்டர் டையிங்ல மாட்டிக்கிச்சு, ஷேடு ரெண்டு தடவ ரிஜெக்ட். ஷிப்மெண்ட் 10 நாள் தள்ளிக் குடுங்கன்னு கேக்கோணும். அப்ப இருந்த முதலாளி கால்ல கேட்டாரு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மூச்ச இழுத்துட்டு "சுகோஷி முசுகஷீ தெஸ் நே"ன்னாரு. "கொஞ்சம் கஷ்டம்தான்"னு அர்த்தம், ட்ரான்ஸ்லேட்டர் அதத்தான் சொல்லும், தப்பே கிடையாது. எங்க முதலாளி "கொஞ்சம்தானே கஷ்டம், சமாளிச்சுக்குவாங்க"ன்னு கப்பல் புக்கிங்க தள்ளி வச்சுட்டாரு. மூணு நாள் கழிச்சு மெயில் வருது, சொன்ன தேதிக்கு சரக்கு வரோணும், கப்பல்ல முடியாதுன்னா ஏர்ல அனுப்புங்கன்னு. ஏர் அனுப்புனா செலவு யாரு தலைலன்னு திருப்பூர்ல இருக்கற உனக்கு சொல்லத் தேவையில்ல. அந்த ஆர்டர்ல நாலு காசு மிஞ்சல, கைக்காசுதான் போச்சு.

அவங்க பாஷைல அது "முடியாது". நேரா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. "கென்தோ ஷிமாஸ்"னு இன்னொண்ணு இருக்கு, "பரிசீலிக்கறோம்"னு வரும். பொண்ணு பாக்க வந்துட்டு பஜ்ஜி சொஜ்ஜி சாப்டுட்டு "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்"பாங்கல்ல, பெரும்பாலும் அதேதான். லெட்டர் வராதுன்னு நம்ம ஊரு அம்மாவுக்கெல்லாம் தெரியும், அந்தக் காது நமக்கு ஏற்கனவே இருக்கு, ஆபீஸ்ல வந்து உக்காந்ததும் எங்கியோ கழட்டி வச்சர்றோம்.

அதே மாதிரி "கிளைம்". நம்ம லைன்ல கிளைம்னா பணத்தப் புடிக்கப் போறான்னு அர்த்தம், கேட்டதும் வயித்தக் கலக்கும். ஜப்பான்காரங்க "குரேமு"ன்னா வெறும் புகார். ஒரு தடவ நூல் பிசிறு இருக்குன்னு கிளைம்னு மெயில் வந்துச்சு. எங்க அக்கவுண்ட்ஸ் டிஸ்கவுண்ட் எவ்வளவு குடுக்கலாம்னு கால்குலேட்டர எடுத்துட்டாங்க. அவங்க கேட்டது ஒரு பேப்பர். ஏன் வந்துச்சு, இனி வராம இருக்க என்ன பண்ணீங்க, அவ்வளவுதான். டிஸ்கவுண்ட் குடுக்கறோம்னு நாம முந்திக்கிட்டுச் சொல்லிருந்தா, காரணத்தக் கண்டுபுடிக்காம காசக் குடுத்து வாய அடைக்கறான்னு நெனச்சிருப்பாங்க.

இப்ப உனக்கு வருமான்னு கேட்டியே. தமிழ் மீடியம்னு கூச்சப்படாத, அதுதான் உனக்கு லாபம். ஜப்பானீஸ்லயும் வினை கடைசிலதான். "செஞ்சு பாக்கறேன்"னு நாம சொல்றது அவங்களுக்கு "யத்தே மிமாஸ்", அதே செஞ்சு, அதே பாக்கறது. "செஞ்சு வைக்கறேன்" அப்படின்னா "ஷிதே ஒகிமாஸ்", அங்கயும் வைக்கறதுதான். "வர்றேன்னு சொன்னாரு"ல அந்த "ன்னு" இருக்குல்ல, அதுக்கு நேரா "தோ"ன்னு ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ் வழியா படிச்சா தலைகீழா மாத்தி மாத்திப் போடோணும், தமிழ்ல நெனச்சா அப்படியே போய் விழும். சீனத்துல இருந்து வந்த கான்ஜி எழுத்துதான் உயிர வாங்கும், அதுக்குக் குறுக்கு வழி கிடையாது. ஜேஎல்பிடிங்கற ஜப்பானீஸ் பரீட்சைய சென்னைல எழுதலாம், ஜூலை டிசம்பர்னு வருசம் ரெண்டு தடவ. ஈசியான என்5ல இருந்து கஷ்டமான என்1 வரைக்கும், என்3 வந்தாத்தான் பையர் மெயில ஓரளவு படிக்க முடியும். ஆனா அதுல பேசற பரீட்சையே இல்ல, என்2 சர்டிபிகேட் வச்சுட்டு போன எடுக்கப் பயப்படற ஆளுகள நான் பாத்திருக்கேன்.

அந்த அக்காவ எல்லாரும் பாத்தாங்கன்னு சொன்னியே, நெஜந்தான். ஆனா துணில ஊசித் துண்டு இருக்கான்னு பாக்கற நீடில் டிடெக்டர் மெஷின்ல ஏன் ஒரு பீஸ் சத்தம் போட்டுச்சுன்னு பையர் கேட்டப்ப அந்த அக்கா உங்க பிரொடக்ஷன் மேனேஜரப் பாத்திருப்பாங்க. மொழி தெரிஞ்சு துணியும் தெரிஞ்சவன் ரெண்டு பேரு வேலைக்கு ஒருத்தன். உடைஞ்ச ஊசியோட துண்ட எல்லாம் பொறுக்கி நோட்டுல டேப் போட்டு ஒட்டி வைக்கறாங்களே, ஒரு துண்டு கிடைக்கலைன்னா அந்த பண்டில அப்படியே ஓரங்கட்டறாங்களே, அது எதுக்குன்னு போயி கேளு. ஜப்பான் சட்டத்துல 24 மாசத்துக்குட்பட்ட கொழந்தைத் துணிக்கு ஃபார்மால்டிஹைடுங்கற கெமிக்கல் 16 பிபிஎம்முக்கு மேல போகக் கூடாது, பெரியவங்க உள்ளாடைக்கு 75. இதெல்லாம் தெரிஞ்சுட்டு நீ பேசுற அரைகுறை ஜப்பானீஸுக்கு அவங்க குடுக்கற மரியாதையே தனி.

ஹார்பர்_ரோடு:

தூத்துக்குடில சிஎச்ஏ ஆபீஸ்ல 20 வருசம். ஊசிநூல் அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரிதான், ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத தம்பி. நீ இப்ப இருக்க சீட்ட கேவலமா நெனைக்காத. டாக்குமெண்டேஷன்னா டைப் அடிக்கிறது இல்ல. பாஷை படிச்சுட்டு வாற பயலுவளுக்கு எஃப்ஓபி-ங்குத விற்பனை முறைல சரக்கு கப்பல்ல ஏறுனதுக்கப்புறம் யாரு பொறுப்புன்னு கேட்டா முழிக்கான், இந்த மாதிரி செலவு பொறுப்பு யாருதுன்னு சொல்லுத இன்கோடெர்ம்ஸ் 2020-ல மொத்தமே 11தான் இருக்கு, ஒரு ராத்திரில படிச்சுப்புடலாம்.

எங்க பார்ட்டி ஒருத்தருக்கு நடந்தது. பையரோட பேங்க் துட்டுக்கு உத்தரவாதம் குடுக்குத எல்சி-ல சரக்கு விவரத்துல "நிட்டட்"னு இருக்கு, இன்வாய்ஸ்ல அந்த வார்த்த விட்டுப்போச்சு. எல்சி-ல உள்ள விவரத்தோட இன்வாய்ஸ் பொருந்தணும்னு எல்சி-க்குண்டான விதி யுசிபி 600-ல தெளிவா கிடக்கு, பேங்க்குக்கு 5 வேலை நாள் டைம், பாத்துட்டு பொருந்தல, டிஸ்கிரிபன்சின்னு திருப்பிட்டான். பையர் ஓகேன்னு சொல்லுத வரைக்கும் துட்டு அந்தரத்துல தொங்குச்சு. ஒரு வார்த்தைக்கு. அதுவும் ஒரு பாஷைதான் பாத்துக்கோ, அதுல நீ ஒன்றரை வருசம் ஏற்கனவே படிச்சிருக்க.

பொறவு நமக்கும் ஜப்பானுக்கும் 2011 ஆகஸ்ட்லேந்து வர்த்தக ஒப்பந்தம் இருக்கு, டூட்டி சலுகைக்கு, சரக்கு எந்த நாட்டுலதுன்னு காட்டுத, அதுக்குண்டான ஆரிஜின் சர்டிபிகேட்தான் போடணும், சாதா சர்டிபிகேட் போட்டு அனுப்பிட்டு அங்க பையர் டூட்டி கட்டுன கதையும் உண்டு. எம்பிஏ பத்தி நான் ஒண்ணும் சொல்லல, நான் 12-ங்கிளாஸ்.

முந்திரிக்கொட்டை:

எல்லாரும் ஜப்பான் ஜெர்மன்னே பேசறீங்க, நான் வேற பக்கம் இழுக்கறேன். புதுச்சேரி, பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு எடுத்தேன், மார்க் ஈசியா வரும்னுதான், வேற எந்தக் கனவும் இல்ல. இப்ப ஆப்பிரிக்காவுல இருந்து பச்சை முந்திரிக்கொட்டை இறக்குமதி பண்ற இடத்துல வேலை. நம்ம பண்ருட்டில உடைக்கிற கொட்டைல நெறைய அங்க இருந்து தூத்துக்குடி வழியா வர்றது. ஐவரி கோஸ்ட், பெனின் ரெண்டும் பிரெஞ்சு. கினி பிசாவ் போர்ச்சுகீஸ், அங்க நான் ஊமை.

சீசன் பிப்ரவரி வாக்குல ஆரம்பிக்கும், ஐவரி கோஸ்ட்ல பூவாக்கேங்கற ஊர் பக்கம் போய் உக்காந்துருவோம். மூட்டைல இருந்து ஒரு கிலோ எடுத்து கொட்டைய வெட்டி நல்ல பருப்ப எடை போடுவோம், 270 கிராம் வந்தா 80 கிலோ மூட்டைக்கு 47 பவுண்ட் சொச்சம், ஒரு மூட்டைக்கு எவ்வளவு நல்ல பருப்பு தேறும்ங்கற அந்தக் கணக்குதான் கேஓஆர், விலையே அத வச்சுத்தான். ஒரு பவுண்ட் குறைஞ்சா பேச்சே மாறிடும். இந்தக் கணக்குக்கு மொழி வேணாம், விரல் காட்டினாலே போதும். ஆனா அந்த மூட்டைகிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாசல் இருக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் மொதல்ல உக்கார வச்சு தண்ணி குடுப்பாங்க. அப்புறம்தான் "என்ன செய்தி"ன்னு கேப்பாங்க, அது ஒரு முறை. கேக்கறதுக்கு முன்னாடி நாம விலை பேச வாயத் திறந்தா அநாகரிகம். எங்க கூட வந்த ஒருத்தர் ஏசி கார்ல இருந்து இறங்கினதும் "எவ்வளவு மூட்டை, என்ன ரேட்"னு ஆரம்பிச்சாரு, அந்தப் பெரியவர் தண்ணிச் சொம்போட அப்படியே நின்னாரு. வீட்டுக்கு வந்தவனுக்கு மொதல்ல தண்ணி குடுக்கற ஊர்ல பொறந்துட்டு இது தெரியலையேன்னு எனக்கே வெக்கமா போச்சு. அன்னைக்கு சரக்கு கிடைக்கல, இருக்குன்னு தெரிஞ்சும்.

நானும் மாட்டிருக்கேன். பேசி முடிச்சு கிளம்பறப்ப ஒருத்தர் கையப் புடிச்சு "ஓன் எ அன்சாம்ப்ல்"ன்னாரு, "நாம ஒண்ணா இருக்கோம்". டீல் முடிஞ்சதுன்னு ஆபீஸுக்கு போன் போட்டு சொல்லிட்டேன். அங்க அது "போய்ட்டு வாங்க"தான். பள்ளிக்கூடத்துல 5 வருசம் பிரெஞ்சு படிச்சவன் கதை இது. பூவாக்கேல இருந்து வடக்க போனா சந்தைல பிரெஞ்சும் குறைஞ்சுரும், ஜூலா மொழிதான், அதுல நாப்பது வார்த்தை கத்து வச்சதுக்கு எனக்கு கெடைச்ச சிரிப்பும் டீயும் பிரெஞ்சுக்குக் கிடைச்சதில்ல.

அதனால தம்பி எந்த மொழின்னு மொத்தமா யோசிக்காதீங்க, எந்த சரக்கு, அது எங்க போகுது எங்க இருந்து வருதுன்னு பாருங்க, மொழி தானா தெரியும். உங்களுக்கு வாசல்லயே ஜப்பான் பையர் நிக்கறாரு, ஸ்பானிஷ் எதுக்கு?

பனியன்சிட்டி_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கல. ஆன்லைன்ல என்5 பேட்ச் ஒண்ணு சேந்துட்டேன், காலைல 6 மணி. ஊசிநூல் அண்ணா, நேத்து ஸ்டிச்சிங் ஃப்ளோருக்குப் போயி உடைஞ்ச ஊசி நோட்டக் காட்டுங்கன்னு கேட்டேன், சூப்பர்வைசர் நான் ஆடிட்டுக்கு வந்திருக்கேன்னு நெனச்சு டீ எல்லாம் வாங்கிக் குடுத்துட்டாருங்க. நோட்டுல ஒரு பக்கத்துல ஊசி முனை மட்டும் இல்ல, டேப் இருக்கு, துண்டு இல்ல. கேட்டா "அது எங்கியோ விழுந்திருக்கும்"ங்கறாரு. அந்த ஸ்டைல் ஜப்பானுக்குப் போறதுங்க. யாருகிட்ட சொல்றது?

ஊசிநூல்:

தேதியும் லைன் நம்பரும் குறிச்சுக்க. சூப்பர்வைசர மாட்டி விடாத, நேரா தரம் பாக்கற க்யூஏ மேனேஜர்கிட்ட போயி "இது எனக்குப் புரியல, சொல்லிக் குடுங்க"ன்னு கேளு, மிச்சத்த அவரு பாத்துக்குவாரு. இன்னைக்கே போ, சரக்கு இன்னும் பேக் ஆகலையில்ல?