கே.பி. சுந்தராம்பாள்: மேடையா, திரையா?

ரங்கூன் வாசி:
நம்ம பர்மாத் தமிழர் திருவிழா கலைநிகழ்ச்சியில் கே.பி.எஸ். அம்மாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியாச்சு. ‘ஔவையார்’ படத்திலிருந்து சில காட்சிகளைத் திரையில் போடலாம் என்பது என் யோசனை. 1953-இல் ஜெமினி ஸ்டூடியோ எடுத்தது. அவர் பேரைச் சொன்னாலே நம் ஜனங்களுக்கு ஔவைதானே ஞாபகம் வருது!

மோல்மின்காரன்:
அதுதான் அண்ணே கோளாறே. கிழவி வேஷத்திலேயே பார்த்துப் பழகிட்டோம். ரயிலில் பாடிக் காசு வாங்கிய கொடுமுடிப் பிள்ளை, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காளின் பிள்ளையாகப் பசி பசின்னு பாடி மேடையேறினது யாருக்குத் தெரியும்? அந்த வேஷத்துக்கு வாத்தியார் தேவைப்பட்டிருக்காது. 1926-இல் கொழும்பு மேடையில் பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். மைக் கிடையாது, கொட்டகையின் கடைக்கோடியில் நிற்கிறவன் காதுக்கும் எட்டணும். வள்ளியும் வேலனும் பாட்டுக்குப் பாட்டு மல்லுக்கு நிற்கிற ஆட்டம் அது. பிள்ளைகளை வைத்து ‘வள்ளி திருமண’த்தில் ஒரு காட்சி போடுவோம்.

தட்டோன் செல்வி:
நீங்க பார்த்தீங்களா தம்பி? நானும் பார்க்கலை. மேடைப் பாட்டு அன்றைக்கே காற்றோடு போச்சு. நமக்கு மிஞ்சினது இசைத்தட்டும் படமும்தான். இன்னொன்று, 1933-இல் புருஷன் கிட்டப்பா இறந்தபோது இந்தம்மாவுக்கு 25 வயசு. வெள்ளைப் புடவைக்கு மாறி, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்க மாட்டேன்னு இருந்துட்டார். ஜோடி இல்லாமல் வள்ளி ஏது? சினிமாதான் அவர் நிபந்தனைக்கு இறங்கி வந்தது. 1935 ‘நந்தனா’ரில் அவரே ஆண் வேஷம் கட்டினார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்!

மோல்மின்காரன்:
அந்த லட்சம் எதுக்குக் கொடுத்தது? மேடையில் சம்பாதிச்ச பேருக்கு. படம் அதுக்குப் பிறகு என்ன கொடுத்தது? 45 வயது ஆகுமுன்னே ஔவை. 1964 ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள் என்கிற துறவி. அடுத்த வருஷம் ‘திருவிளையாட’லில் மறுபடியும் ஔவை. வள்ளியாக வாயாடினவரைக் கும்பிடத்தான் வெச்சாங்க, ரசிக்க விடலை.

தட்டோன் செல்வி:
கும்பிட்டால் என்ன குறைஞ்சு போச்சு? ‘பழம் நீயப்பா’ போட்டால் இங்கே பூசத்தன்று கூட்டம் கூடவே பாடுது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும்தான். 1964-க்குப் பிறகு பாதி சனம் கப்பலேறிப் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. இருந்தவங்களுக்குப் படப்பாட்டுதான் வாத்தியார். ‘துணைவன்’ படத்தில் பாடித் தேசிய விருது வாங்கினப்போ அவருக்கு 60 வயசு தாண்டியாச்சு. அந்த வயசில் எந்த நாடகக் கம்பெனி கூப்பிட்டிருக்கும்?

ரங்கூன் வாசி:
காங்கிரசுக்காகப் பாடினதையும், 1951-இல் சென்னை மேலவைக்குப் போனதையும் அறிமுகத்தில் இரண்டு வரி சொல்லிடலாம். சண்டையை முடிங்கப்பா.

ஹார்மோனியம்:
வாசிக்கப் போறவன் நான், ஒரு வார்த்தை. அந்தம்மா சுருதியை நம்ம பிள்ளைகள் எட்டமாட்டாங்க. ரெண்டு கட்டையாவது இறக்கணும். பையன் பரவாயில்லை. வள்ளிக்கு நிற்கிற பொண்ணு மேலே போனால் தொண்டையைப் பிடிச்சுக்குது.

தட்டோன் செல்வி:
இறக்கிப் பாடினால் அது கே.பி.எஸ்.ஸே இல்லை. படத்தைப் போடுங்க.

மோல்மின்காரன்:
போடுங்க அக்கா. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போயிடும். ஜெனரேட்டர் வாடகையை உங்க கணக்கில் எழுதிக்கலாமா?