போஸ்ட்கிரஸ் 14-இலிருந்து 16: டிஸ்கில் இடம் பற்றவில்லை

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாமாவின் மளிகைக் கடை சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று ராத்திரி கடை அடைத்ததும் சர்வரின் இயங்குதளமான உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு ஏற்றினேன். அது ஒழுங்காக ஏறிவிட்டது.

பசியாறிவிட்டு வந்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்களைப் பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையைப் போட்டால் இரண்டு வரி. 14 மெயின் 5432 போர்ட்டில், 16 மெயின் 5433-இல். கணக்கெல்லாம் 14-இல்தான், புது உபுண்டுவோடு வந்த 16 வெறும் காலி. கடை இப்போதைக்கு ஓடுகிறது.

காலி 16-ஐ பிஜி_டிராப்கிளஸ்டரால் நீக்கிவிட்டு, பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் ஓட்டி 14-இல் உள்ளதை 16-க்கு மாற்ற வேண்டும் என்பதுவரை தெரியும். சிக்கல் இடம்தான். டேட்டா 40 ஜிபி, மிச்சம் 25. (ரசீதுப் படங்களை டேபிளுக்குள்ளேயே திணித்த புண்ணியவான் அடியேன்தான்.) டம்ப் முறையில் (டேட்டாவை எடுத்துப் புதியதில் மறுபடி ஏற்றுவது) பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க வேண்டும், கொள்ளாது. லிங்க் முறைக்கு (பழைய ஃபைல்களையே புதியதும் பயன்படுத்துவது) இடம் வேண்டாம், ஆனால் 16-ஐ ஒருதரம் ஸ்டார்ட் செய்துவிட்டால் 14-ஐத் தொடக்கூடாது.

இன்னொன்று, எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் சிஸ்டம் லைப்ரரியான ஜிலிப்சி 2.35-இலிருந்து 2.39 ஆகிவிட்டது. எழுத்து வரிசை மாறியிருந்தால் வாடிக்கையாளர் பெயர் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) கெட்டுப்போகும். டம்ப் என்றால் இண்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படும், லிங்க் என்றால் நானே ரீஇண்டெக்ஸ் அடிக்க வேண்டும்.

லிங்க் முறையில் செய்தவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, புது டேட்டா டைரக்டரியை வெளி எஸ்எஸ்டியில் வைத்து டம்ப் முறையிலேயே போகலாமா? யுஎஸ்பியில் டேட்டாபேஸ் ஓட்ட மனசு வரவில்லை.

பேக்கப் எடுத்தாயா என்று கேட்காதீர்கள். பிஜி_டம்ப்ஆல் எடுத்து, வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்தும் பார்த்துவிட்டேன்.