பொருள்: தூரிகைக்கு ‘மூடுதிறன்’, ‘நிறவரத்து’

அனைவருக்கும் வணக்கம்.

ஃபோட்டோஷாப் தூரிகையில் உள்ள ‘ஒப்பாசிட்டி’ (opacity) என்ற அமைப்புக்குத் தமிழில், இயற்பியல் பாடநூலில் உள்ள ‘ஒளிபுகாமை’யே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். கண்ணாடிக்கும் மரப்பலகைக்கும் அது சரி. தூரிகைக்கு அது உதவவில்லை என்பதை வகுப்பில் கண்ணால் கண்டபிறகே எழுதுகிறேன்.

இங்கே மொரிசியஸில், காத்ர் போர்னில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஃபோட்டோஷாப்பைத் தமிழில் சொல்லித் தருகிறேன். மெனு பிரெஞ்சில் இருக்கும். ‘ஒப்பாசிதே’ என்று படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். போன வாரம் ஒரு தைப்பூசக் காவடிப் படம். காவடிக்குப் பின்னால் வானம் வெளுத்துக் கிடந்தது. அதை அடக்க, புது அடுக்கில் (லேயரில்) சாம்பல் நிறம் பூசிக்கொண்டிருந்தாள் ஒரு மாணவி. “ஒளிபுகாமையைக் கூட்டும்மா” என்றேன்; குறைத்தாள். ‘புகாமை’யைக் கூட்டுவது என்றால் எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “அடியில இருக்கறத இன்னும் மூடு” என்றதும் கை சரியான பக்கம் போனது. ‘மூடுதிறன்’ எனக்குக் கிடைத்தது அங்கேதான். 100 என்றால் அடியில் உள்ளது முழுக்க மூடிவிடும். 0 என்றால் பூசியதே தெரியாது. முதலில் ‘மறைப்பு’ என்றுதான் நினைத்தேன். ஆனால் மாஸ்க்குக்கும் (அடுக்கின் ஒரு பகுதியை அழிக்காமலே மறைக்கும் வசதி), அடுக்கை மறைத்து வைப்பதற்கும் அந்தச் சொல் தேவைப்படும்.

தூரிகையின் இன்னோர் அமைப்பான ஃப்ளோவையும் (flow) சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் குழம்புவதே இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மூடுதிறனை 50 சதவீதத்தில் வைத்து, மௌஸ் பொத்தானை விடாமல் ஒரே இடத்தில் எத்தனை தடவை தேய்த்தாலும் 50-ஐத் தாண்டாது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தால் 75. மூன்றாவது இழுப்பில் 87.5. மூடாமல் எஞ்சியதில் பாதியை ஒவ்வொரு இழுப்பும் மூடுகிறது. ஆக, மூடுதிறன் என்பது ஓர் இழுப்புக்கு உள்ள உச்சவரம்பு.

ஃப்ளோ அப்படியல்ல. தூரிகைக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் நெருக்கி வைத்த பொட்டுகளின் வரிசைதான். ஒவ்வொரு பொட்டிலும் எவ்வளவு நிறம் இறங்குகிறது என்பதே ஃப்ளோ. அதை 10-இல் வைத்தால், பொத்தானை விடாமலே, தேய்க்கத் தேய்க்க நிறம் ஏறும். மூடுதிறன் போட்ட வரம்பில் நின்றுவிடும். ‘பாய்வு’ என்றால் திசைதான் நினைவுக்கு வருகிறது. அணைக்கு நீர்வரத்து என்கிறோமே, அதைப்போல ‘நிறவரத்து’ என்று வைக்கலாம். ‘மைவரத்து’ காதுக்கு இனிது. ஆனால் மாஸ்க்கில் வெள்ளை பூசும்போது மை என்பது ஒட்டவில்லை.

வரும் சனிக்கிழமை இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதப் போகிறேன். குறை இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.